பிரேக் மாஸ்டரின் கை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். பழக வந்தவர் ஸ்டியரிங்கைச் சரியாகப் பிடிக்கும் முன்பே மாஸ்டரின் கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடும். பஸ்ஸில் போனால்கூட முன்சீட்டை உதைப்பார். "என்கிட்ட கத்துக்கிட்டவன் நடந்துபோறதுதான் நல்லது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்கு ரெட் சின்ட்ரோம். பெண் குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது. தவழும் வயதில் தானாக பிஸ்கட் எடுத்துத் தின்றவள், பிறகு கையால் எதையும் எடுக்கும் திறனையும் பேச்சையும் இழந்தாள். இப்போது பத்து வயது. துணி பிழிவதுபோல் ஓயாமல் கைகளைப் பிசைவாள். சிறப்புக் குழந்தைகளுக்கான மையத்தில் ஸ்பூன் பிடிக்கப் பழக்கினார்கள். வீட்டில் பழக்குவது மாஸ்டரின் பொறுப்பு. அவர் எவ்வளவு மெனக்கெட்டும் அவள் ஒரு வாய் தானாகச் சாப்பிட்டபாடில்லை. இன்றும் முடியாவிட்டால் ஸ்பூன் பயிற்சியை விட்டுவிடலாம் என்று மையத்தின் பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

மையத்து மேசையில் ஒரு கிண்ணத்தில் மசித்த வாழைப்பழம், பக்கத்தில் ஸ்பூன்.

"எடுத்துக்கோடா கண்ணு" என்றார் மாஸ்டர். மகள் கிண்ணத்தைப் பார்த்ததுதான் தாமதம், மாஸ்டரின் கை அவள் முழங்கையைத் தாங்கப் பாய்ந்தது.

"வீட்லயும் இப்படித்தானா சார்?" என்றார் பயிற்சியாளர்.

"ஆமாம்மா. பாவம், கஷ்டப்படுவால்ல?"

"அவ நினைக்கிறது கைக்குப் போய்ச் சேர நேரமாகும். அதுக்குள்ள நீங்க முந்திக்கிறீங்க. நீங்க வருவீங்கன்னு அவளும் நின்னுடுறா."

"இங்கயும் என் லட்சணம் இதானா" என்று மாஸ்டர் முனகி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

மகள் கை பிசைந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் கைகளை இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துப் பிசைவது நின்றது. ஒரு கை பிரிந்து வந்து ஸ்பூனைத் தொட்டு, நழுவவிட்டு, மறுபடி பிடித்தது. பாதிப் பழம் மடியில் விழுந்தது. மீதி வாய்க்குப் போனது.

மாஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் மோவாயில் ஒட்டியிருந்த பழத்தைத் துடைக்கக் கை பரபரத்தது. சட்டென்று எழுந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"வெளிய நிக்கிறேம்மா. இந்தக் கைய நம்ப முடியாது."

கதவுக்கு வெளியே சுவரோரம் நின்றார். உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. பிறகு ஸ்பூன் கிண்ணத்தில் இடித்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.