ஒரு விளக்குக்குக் கீழே இரண்டு டெகு

டெகு என்பது தென்னமெரிக்காவில் வாழும் பெரிய பல்லி. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, பார்ப்பதற்கு எங்களுடைய உடும்பு மாதிரியே இருக்கும். என் மனைவி கடைசிவரை அதை உடும்பு என்றுதான் சொன்னாள். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் பஸ் ஓட்டினேன். அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாள். என்னோடு டிப்போவில் வேலை செய்த ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது தன்னுடைய ஆண் டெகுவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கினேன். ஆறு மாதத்தில் அது இல்லாமல் வீட்டுக்குள் நுழையப் பிடிக்காத ஆளாகிவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால் நாலடி நீளமும் என் மடியில் ஏறிப் படுக்கும். அதற்காகச் சாப்பாட்டு அறையின் பாதியை எடுத்து, நானே பலகை அடித்து ஒரு பெட்டி செய்தேன். முன்பக்கம் கண்ணாடி, ஒரு மூலையில் சூட்டு விளக்கு.

அப்டன் பார்க்கில் ஊர்வன விற்கும் கடையொன்றில் அதற்கு உறைந்த எலி வாங்குவேன். ஒருநாள் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் போனில், "சாப்ட்டேன் லா, ம்மா" என்று சொல்வது காதில் விழுந்தது. அவர் கையிலும் எலிப் பொட்டலம். சிரித்துக்கொண்டே கதை கொடுத்தேன். ஈப்போவைச் சேர்ந்த மலேசியத் தமிழர். கணக்கியல் படிக்க வந்து, இங்கேயே வேலை கிடைத்துத் தங்கியவர். தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் தனியாக ஒரு பிளாட். என்னை விடப் பத்து வயது இளையவர். அவரிடம் இருந்தது பெண் டெகு, ஒரு சாண் நீளக் குஞ்சாக வாங்கிக் கையில் வைத்து வளர்த்தது. லண்டனில் டெகு வளர்க்கும் தமிழர் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம் என்று சொல்லிச் சிரிப்போம். அவர் என்னை அண்ணே என்றார், நான் தம்பி என்றேன். அப்படி இரண்டு வருடம் போனது.

ஒரு செப்டெம்பரில் அவருடைய அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போகவேண்டும், எப்போது திரும்புவேன் என்று தெரியாது என்றார். அடுத்த நாளே ஒரு வான் வண்டியில் தன் டெகுவையும் அதன் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மேல்மாடியில் சும்மா கிடந்த சின்ன அறையில் பெட்டியை வைத்தோம். விளக்கு எத்தனை மணிக்கு, முட்டை எத்தனை, மீன் எந்த நாள் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். படியிறங்கும்போது நின்று திரும்பினார்.

"ஒன்னே ஒன்னுதான் அண்ணே. ரெண்டையும் ஒன்னா மட்டும் போட்றாதீங்க. அவ சின்ன ஆளு."

"சீச்சீ, நான் அப்பிடிச் செய்வனே? நீங்கள் அம்மாவைப் பாருங்கோ தம்பி. இஞ்ச ஒண்டும் யோசிக்க வேண்டாம்."

அந்த வாக்கை நான் மூன்று கிழமை காப்பாற்றினேன்.

ஒக்டோபரில் என் மனைவியின் தங்கை பாரிசிலிருந்து வந்தாள். ஆறு மாதப் படிப்பு, எங்களோடு தங்கப்போகிறாள். அந்தச் சின்ன அறை அவளுக்கு வேண்டியிருந்தது. பெட்டியைக் கீழே விருந்தறைக்குக் கொண்டுவந்திருக்கலாம். சோபாவைக் கொஞ்சம் தள்ளினால் இடம் வந்திருக்கும். மனைவி ஒருவேளை முறைத்திருப்பாள், ஒருவேளை சரி என்றிருப்பாள். நான் அவளைக் கேட்கவேயில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு பெட்டி கழுவி, இரண்டு தரம் சாப்பாடு வைத்து, இரண்டு விளக்குப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டிருந்தது. அதோடு ஒரு ஆசையும் இருந்தது. என்னுடையது பாவம், தனியாகக் கிடக்கிறதே, ஒரு துணை இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தனியாக இருப்பது அதற்குக் கஷ்டம் என்று யார் எனக்குச் சொன்னது? யாருமில்லை.

ஒரு ஞாயிறு காலை தம்பியின் பெண் டெகுவைத் தூக்கி என் டெகுவின் பெட்டிக்குள் விட்டேன். அரை மணி நேரம் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். இரண்டும் நாக்கை நீட்டி ஒன்றையொன்று முகர்ந்தன. அவன் சுற்றி வந்தான். அவள் அசையாமல் படுத்திருந்தாள். சண்டை இல்லை, சீறல் இல்லை. மத்தியானம் போய்ப் பார்த்தபோது விளக்குக்குக் கீழே அவள் படுத்திருக்க, அவள் முதுகின் மேல் அவன் தலையையும் முன்காலையும் போட்டுக் கண்ணை மூடிக் கிடந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தங்கையின் டிஜிட்டல் கமராவை வாங்கிப் படம் எடுத்தேன். அந்தப் பெருமையில், செய்தது என்ன என்பதையே மறந்து, படத்தை ஈப்போவுக்கு ஈமெயிலில் அனுப்பினேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. அம்மாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: இரண்டும் ஒரே பெட்டியிலா இருக்கின்றன?

படத்துக்காக ஐந்து நிமிடம் விட்டேன், பிறகு பிரித்துவிட்டேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு டீ போட்டுக் குடித்தேன்.

சாப்பாட்டுக்கு இரண்டு பீங்கான் தட்டு வைப்பேன். அவன் தன்னுடையதை முடித்துவிட்டு அவளுடையதற்கு வருவான். அவள் உடனே விலகிவிடுவாள். என்ன மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன். விளக்குக்கு அவன் வந்தால் அவள் நிழலுக்குப் போய்விடுவாள். போகாவிட்டால் மேலே ஏறிப் படுத்துக்கொள்வான். மனைவிதான் ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, சின்னது மெலிஞ்சு போச்சுது. வால் அடியைப் பாருங்கோ."

"குளிர் வருகுதெல்லே. எல்லாம் சாப்பாட்டைக் குறைக்கிற காலம்."

"பெரியவன் குறைக்கேல்லையே."

நான் பேப்பரைத் திருப்பினேன்.

நவம்பரில் இரண்டும் பெட்டியிலிருந்த வைக்கோலுக்குள் புகுந்து உறங்கின. குளிர்காலம் முழுக்க டெகு அப்படித்தான் கிடக்கும், எழும்பாது, தின்னாது. நாலு மாதம் ஒரு சத்தமில்லை. அந்த அமைதியை நான் என் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஈப்போவிலிருந்து போன் எடுப்பார். அவள் நல்ல நித்திரை என்பேன். அது பொய்யில்லை என்று எனக்குள்ளேயே சமாதானம்.

மார்ச்சில் எழும்பியபோது அவன் வேறொரு ஆளாக இருந்தான். தாடை இரண்டு பக்கமும் புடைத்து, மூச்சை இழுத்து இழுத்துச் சீறினான். தண்ணீர் மாற்றக் கையை விட்டால் வாயைத் திறந்துகொண்டு வந்தான். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் டெகு அப்படி மாறும் என்று நான் வாசித்திருந்தேன். அவள் பெட்டியின் தூர மூலையில், வைக்கோலுக்குள் தலையை வைத்துக்கொண்டு கிடந்தாள். பிரிக்கவேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தங்கையின் படிப்பு முடிய இன்னும் ஒரு கிழமை இருந்தது. ஒரு கிழமைதானே என்றேன். இதை எழுதும்போது அந்த "தானே"யில்தான் என் பேனா நிற்கிறது.

அது ஒரு சனிக்கிழமை காலை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். தங்கை தோழி வீட்டில். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பீங்கான் கழுவ நேரமில்லாமல், அரைத்த இறைச்சியும் முட்டையும் ஒரே பீங்கானில் போட்டு உள்ளே வைத்துவிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு அறையிலிருந்து பலகையில் எதுவோ மோதும் சத்தம் கேட்டது. ஒரு தரம், பிறகு இன்னும் இரண்டு தரம். நான் கதவுப்பிடியில் கைவைத்தபடி நின்றேன். போய்ப் பார்க்கப் பத்து அடிகூட இல்லை. சத்தம் நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்குப் பின்னேரம் வரை பஸ் ஓட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தரமும் பச்சை விழுந்ததும் அதை விட்டுவிட்டேன்.

வீடு வந்தபோது அவன் விளக்குக்குக் கீழே நீட்டி நிமிர்ந்து கிடந்தான். அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தாள். தண்ணீர் சிவப்பாக இருந்தது. தூக்கினேன். முன் வலது பாதம் இல்லை. அதைத் தேடி வைக்கோல் முழுவதையும் வெளியே அள்ளிப் போட்டேன். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

மனைவி வந்ததும் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு ஓடினோம். இளம் வயது மிருக வைத்தியர், ஒரு வெள்ளைக்காரப் பெண். இரண்டையும் சேர்த்தா வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இல்லை, பெட்டி திறந்து கிடந்ததால் தவறிப் போய்விட்டது என்றேன்.

பக்கத்திலிருந்த மனைவி தமிழில், குரலை உயர்த்தாமல் கேட்டாள். "ஏன் பொய் சொல்லுறியள்? மருந்து குடுக்கிறவவுக்கும் பொய்யோ?"

வைத்தியர் டெகுவைத் தராசில் வைத்தார். வால் அடியைத் தடவினார். "இது இன்றைக்கு வந்த மெலிவு இல்லை. மாதக்கணக்காக இதற்குச் சாப்பாடும் சூடும் போதவில்லை" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்ததையும், ஒற்றுமையாக இருந்தன என்று நினைத்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மேலே படுப்பது பாசமில்லை, சூட்டை எடுத்துக்கொள்வது, கீழே கிடப்பதற்குப் போக வேறு இடமில்லை என்று சாதாரணமாக விளக்கினார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவளுடைய அந்த முன்காலை முழங்கால் வரை எடுக்கவேண்டி வந்தது.

அன்றிரவே மேல்மாடியில் ஒதுக்கி வைத்திருந்த அவளுடைய பெட்டியை விருந்தறைக்கு இறக்கினேன். சோபாவைத் தள்ள இரண்டு நிமிடம் எடுத்தது. மனைவி ஒரு பக்கம் பிடித்தாள்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது.

"அவ எழுந்துட்டாளா அண்ணே?"

"ஓம், எழும்பிட்டா."

"சாப்பிடறாளா?"

"சாப்பிடுறா."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மாவை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். வாயை மூடிக்கொண்டேன். இரண்டு கிழமையில் அம்மா காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அவருடைய துக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

மே மாதம் விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் முடி முளைத்திருந்தது. கையில் எங்களுக்காக ஈப்போக் கோப்பிப் பொதி. விருந்தறைக்குள் வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினார். அவள் மூன்று காலில், தோளை இழுத்து இழுத்து நடந்து அவரிடம் வந்தாள். அவர் கண்ணாடியில் கையை வைத்தபடி இருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டையும் ஒன்றாக விட்ட அந்த ஞாயிறு, ஈமெயிலில் எழுதிய பொய், ஒற்றைப் பீங்கான், பலகையில் மோதிய சத்தம், கதவைச் சாத்திக்கொண்டு போனது. மனைவிக்குக்கூட அந்தச் சத்தத்தைப் பற்றி அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. அவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். "ஒன்னாத்தான் வச்சிருக்கீங்கன்னு போட்டோவுலயே தெரிஞ்சுச்சு அண்ணே. அவ படுத்திருந்த விதம்."

"பிறகேன் தம்பி ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. வந்து எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டீங்கன்னா? எனக்கு இங்க வேற யாரு இருக்கா?"

அவருக்கும் தெரிந்திருந்தது என்றதும் என் பாரம் பாதியாகக் குறைந்திருக்கவேண்டும். இரட்டிப்பாயிற்று. என்னைக் கேள்வி கேட்கக்கூடப் பயந்த ஒருவரை நான் ஏமாற்றியிருக்கிறேன். "என்னைப் பேசுங்கோ தம்பி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டாக்சிக்குப் போன் எடுத்தார். டெகுவைத் தூக்கிக்கொண்டார், மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டார், என் கையைப் பிடிக்கவில்லை.

சில நாள் எனக்கு என்னுடைய டெகுவின் மேல் வெறுப்பாக இருந்தது. மடியில் ஏற வந்தால் இறக்கிவிடுவேன். பிறகு அதுவும் அநியாயம் என்று பட்டது. அவன் தன் இயல்புப்படி நடந்தான். ஒரே பெட்டிக்குள் அவளைக் கொண்டுபோய் விட்டவன் நான்.

ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு அவர் ஈப்போ போகவேண்டி வந்தபோது போன் எடுத்தார். பத்து நாள் ஸ்ட்ரெதமுக்கு வந்து அவளுக்குச் சாப்பாடு வைக்க ஏலுமா என்று கேட்டார். என்னை மன்னித்தாரா, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. லீவு போட்டேன். பார்க்கிங்கிலிருந்து நாளுக்கு ஒருதரம், ரெயில் மாறி, பஸ் மாறிப் போய்வந்தேன்.

அவள் நல்ல உடம்பாக இருந்தாள். வால் அடி திரண்டிருந்தது. நான் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் பெட்டியின் பின்பக்கம் இருந்த மரப்பொந்துக்குள் போய்விடுவாள். என்னை ஞாபகமா, புதிய ஆள் என்ற கூச்சமா, எனக்குத் தெரியாது. முதல் நாள் கண்ணாடிக்கு முன்னால் அரை மணி நேரம் குந்தியிருந்தேன். அவள் வெளியே வரவில்லை, முட்டை அப்படியே கிடந்தது. அடுத்த நாளிலிருந்து பீங்கானை உள்ளே வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் பீங்கான் பலகையில் உரசும் சத்தம் கேட்கும். அவள் தின்று முடியும்வரை, நான் இந்தப் பக்கமே நிற்பேன்.