வண்டலில் விளைந்த கடலை

சேந்தமங்கலத்துப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போனது எழுபதுகளின் நடுவில். மேல்காட்டில் பருத்தி, கீழே குட்டை, அதற்கும் கீழே கிணற்றடி வயல். விவசாய ஆபீஸில் சொன்னபடி பருத்திக்குப் பூச்சி மருந்துப் பொடி தூவுவோம். பழைய வேட்டித் துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி, செடிமேல் உதறிக்கொண்டே நடக்க வேண்டும். அது பூசணம் பிடித்த சாக்கு மாதிரி நாறும். எத்தனை முறை குளித்தாலும் அன்றைய சோற்றில் அந்த நாற்றம் இருக்கும்.

ஒரு ஐப்பசியில் காலையில் தூவி முடித்தோம், மத்தியானம் மழை கொட்டியது. மேல்காட்டு மண் செந்தண்ணீராக வழிந்து குட்டையில் இறங்கியது. எருமைகளை அங்கே விட வேண்டாமென்று மாமனாரிடம் சொன்னேன். நாலு நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு அம்மிணி, கண்ணாடியாட்டத் தெளிஞ்சிருச்சு. மருந்தெல்லாம் எப்பவோ போயிருச்சு."

எருமைகள் குடித்தன. ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

சித்திரையில் குட்டை வற்றியதும், அடியில் படிந்திருந்த வண்டலை வெட்டி வண்டி வண்டியாகக் கிணற்றடி வயலில் கொட்டினோம். தயிர் போல வழுவழுப்பான மண். கூடையில் அள்ளும்போதே ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. சேற்று வாடை என்றார் என் வீட்டுக்காரர். அந்த மண்ணில் கடலை போட்டோம். செடி நன்றாகவே வந்தது.

ஆவணியில், நாத்தனாரின் மாமியார் ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார். புதுக் கடலையை அவித்துத் தட்டில் வைத்தேன். ஒன்றை உரித்து வாயில் போட்டவர், சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார். திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கழுவாமப் போட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"மூணு தண்ணி கழுவுனேனுங்க."

நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன். அதே பூசணம் பிடித்த சாக்கு நாற்றம். பருப்புக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்காரர் கண்ணெதிரே மறுபடி கழுவி, மறுபடி அவித்தேன். அப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் போய் விவசாய ஆபீஸ்காரரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் கடலையை முகர்ந்தார், வண்டல் எங்கிருந்து வந்ததென்று கேட்டார்.

"குட்டைத் தண்ணி தெளிஞ்சு கெடந்துச்சுங்களே," என்றார் மாமனார்.

"தெளியத்தானுங்க செய்யும். இந்த மருந்து தண்ணியில லேசுல கரையாது, மண்ணைப் பிடிச்சுக்கும். மண்ணு எவ்வளவு நைசோ அவ்வளவுக்கு ஒட்டும். மழைத் தண்ணி அடிச்சுட்டு வர்றதும் அந்த நைஸ் மண்ணைத்தான். அது அடியில படிஞ்சா மேல தண்ணி சுத்தம், மருந்தெல்லாம் சேத்துல. அதைத்தான் நீங்க அள்ளிப் போட்டிருக்கீங்க."

"நீங்க சொல்லித்தானுங்க தூவுனோம்," என்றேன்.

அந்த மனிதர் கடலையைத் தொட்ட விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை துடைத்ததோடு விடவில்லை, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பு தாங்கவில்லை. அவர் தொடத் தயங்குவதை நாங்கள் வருசக்கணக்காகக் கையால் தூவியிருக்கிறோம்.

அவர் போனதும் மாமனார் முடிவு செய்தார். "காய வச்சு மில்லுக்குப் போட்டுரலாம். எண்ணெயா ஆட்டுனா நாத்தம் தெரியாது."

"அதையும் மனுசங்கதானுங்களே மாமா திங்கறாங்க?"

"நாம கடையில வாங்கறது எந்த மண்ணுல வெளைஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா அம்மிணி?"

எனக்குத் தெரியாது. அதற்குமேல் நான் வாதாடவும் இல்லை. பத்து நாள் களத்தில் அந்தக் கடலையைக் காயப்போட்டுக் கிளறியவள் நான்தான். மூட்டை பிடித்துத் தைத்தவளும் நான்தான். வண்டி கிளம்பியபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

கார்த்திகையில் வீட்டு எண்ணெய் தீர்ந்து, கடைக்கு வாங்கப் போனேன். கடைக்காரர் ஊற்றிக் கொடுத்ததை அங்கேயே மூக்கருகே பிடித்துப் பார்த்தேன்.

"ஏனுங்க, நம்ம கடை எண்ணெய் மேல சந்தேகமா?" என்றார்.

நல்ல வாசமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த எண்ணெயில் குழம்பு தாளித்து எல்லோருக்கும் பரிமாறினேன். நான் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.