சூடம் அணைக்க விடாத ஏகாம்பரம் அண்ணன்

போன செவ்வாய்க்கிழமை முதியோர் பென்ஷன் மனு ஒன்றோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். கிளைச் செயலாளர் குமார் போன் செய்து, "அண்ணன் போய்ட்டாருண்ணா" என்றான். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. திருத்தணிப் பக்கம் நம் கட்சியில் வெறுமனே அண்ணன் என்றால் ஒன்றியச் செயலாளர் ஏகாம்பரம்தான். "வாயைக் கழுவுடா" என்று கத்திப் போனை வைத்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவரோடு கொடி பிடித்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருக்கும். நான் எழுதப் போகும் சம்பவத்தில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக இருந்த செல்வி, நம் ஒன்றியக் கவுன்சிலர்மேல் அண்ணனிடம் புகார் சொன்னாள். தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருகிறார், கையைப் பிடிக்கிறார், மறுத்தால் வேலை போய்விடும் என்கிறார் என்று சொன்னாள். அந்தக் கவுன்சிலர் வேறு யாருமில்லை, அண்ணனின் அக்கா புருஷன். அண்ணனுக்குப் பாவா.

அக்கா வந்து அழுதார். அண்ணன் நான்கு நாள் வாயே திறக்கவில்லை. அந்த நான்கு நாளை நான் மறைக்க மாட்டேன், அவரே மறைத்ததில்லை.

ஐந்தாம் நாள் நான் புத்திசாலித்தனம் செய்தேன். நம் பக்கத்து வழக்கப்படி தட்டில் சூடம் ஏற்றி, கவுன்சிலர் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று ஏற்பாடு செய்தேன். செல்வியைக் கட்சி ஆபீசுக்கே வரவழைத்தேன். பத்துப் பதினைந்து ஆண்கள் நாற்காலியில் இருந்தோம். அவளுக்கு ஒரு நாற்காலி போடக்கூட எனக்குத் தோன்றவில்லை, கருமம்!

அண்ணன் உள்ளே வந்தார். தட்டைத் தூக்கி வெளியே வைத்தார். "பொய் சொல்றவனுக்குச் சூடம் சுடாதுய்யா. இத்தினி ஆம்பளைங்க நடுவுல நின்னுகினு இருக்குதே, அந்தப் பொண்ணுக்குத்தான் சுடும்" என்றார். பிறகு செல்வியிடம், "நாலு நாள் லேட் பண்ணிட்டேன்மா. தப்பு என்னுதுதான். நீ வீட்டுக்குப் போ, நான் வந்து பேசறேன்" என்றார்.

அவள் போனதும் கவுன்சிலர் பக்கம் திரும்பினார். "பாவா, கலெக்டர் ஆபீஸ்ல விசாரிக்கட்டும். அது முடியற வரைக்கும் கட்சிப் பதவி வேணாம், மேடை வேணாம். உங்க பக்கம் நியாயம் இருந்தா அங்க போய் சொல்லுங்க. உங்களுக்காக நான் யாருக்கும் போன் போட மாட்டேன்."

அன்று மாலையே மனைவியையும் கூட்டிக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போய், அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். மறுநாள் கலெக்டர் ஆபீசில் பெண்களுக்கான புகார்க் குழுவிடம் அவள் மனு கொடுத்தபோது வெளியே பெஞ்சில் காத்திருந்தார். புகார் உண்மை என்று முடிவானது. பாவாவைக் கட்சியிலிருந்து நீக்கச் சொல்லித் தலைமைக்கு எழுதியவரும் அண்ணன்தான். அக்கா அவர் வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டார். அடுத்த தேர்தலில் அந்த இடத்தில் தோற்றோம்.

"உங்களாலதாண்ணா சீட்டு போச்சு" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோபப்படவில்லை. "சீட்டு அடுத்த எலக்ஷன்ல வரும்யா. அந்தப் பொண்ணு பயந்து வேலைய வுட்டுட்டுப் போயிருந்தா, அத எந்த எலக்ஷன்ல வாங்கிக் குடுப்ப?" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றார். கேட்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. செல்வி எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிப் போனேன். அவரும் பார்க்கும்போதெல்லாம், "போனியா?" என்பார். போன மாதம்கூடக் கேட்டார். "போறேண்ணா" என்றேன். பொய்.

அண்ணன் உடலை எடுப்பதற்கு முன் மாலை போட செல்வி வந்திருந்தாள். கூட்டத்தின் நடுவே போய்க் கைகூப்பி, "அன்னிக்கு உன்னை நிக்க வெச்சது தப்பும்மா, மன்னிச்சிடு" என்றேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆங்... அவரு உசிரோட இருக்கும்போது வந்திருக்கலாம் இல்லண்ணா?" என்றாள்.

அண்ணன் போனபின் எனக்கென்று மிஞ்சியது செல்வியின் இந்தக் கேள்விதான்.