சீனி கலந்த மண்

என் மனைவியின் இடது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது என்று ஜொகூர் பாரு மருத்துவமனையில் சொன்ன அன்று நான் மருத்துவரிடம் சண்டை போட்டேன். அவர் என்ன தப்பு செய்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். எது பழுதானாலும் இதற்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டே பழகிவிட்டேன். அவள்தான் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர என்னாத்துக்குக் கத்துறீங்க? அவரா புடுங்கி விட்டாரு?"

அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள். அது விழித்திரையைப் பின்பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழி எப்போதும் மேலே மிதக்கும் என்பதால் அவள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். பத்து நாள். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் படுக்கும்போதும் தலை நிமிரக் கூடாது. பார்வை திரும்புமா என்று கேட்டேன். முதலில் ஒட்டட்டும், குமிழி கரையட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். வலது கண்ணும் அவ்வளவு தெம்பாக இல்லை, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

வரவேற்பறையில் கட்டிலைப் போட்டு, தலை விளிம்புக்கு வெளியே வருவதுபோல அவளைக் குப்புறப் படுக்க வைத்தேன். நெற்றிக்கும் கன்னங்களுக்கும் முட்டுக்கொடுக்க நடுவில் ஓட்டையுள்ள தலையணை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வார இறுதியில் வந்து ஒரு வாரத்துக்கானதைச் சமைத்து, குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனாள். மற்றதெல்லாம் நான்தான். சொட்டு மருந்து விடுவது, குனிந்த தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடி அலசுவது, குழல் வைத்துத் தேநீர் கொடுப்பது. முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் பின்னங்கழுத்தில் ஒரு மச்சம் இருப்பதை அந்த வாரம்தான் பார்த்தேன்.

இரண்டாம் நாளே அவளுக்கு அலுத்துவிட்டது.

"டிவி பாக்க முடியல. ஃபோன் பாத்தா தல வலிக்குது. இந்த டைல்ஸ்ல மூணு கீறல் இருக்கு, மூணுக்கும் பேர் வச்சிட்டேன்."

பின்னறையில் என் ரயில் பலகை கிடந்தது. செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளை எண்ணெய் ஆலைக்கு இழுத்துப் போகும் குட்டி ரயிலின் மாதிரி அது. நிஜத்திலேயே குறுகலான பாதை, என் பலகையில் தண்டவாளத்தின் அகலம் ஒரு விரலுக்கும் குறைவு. பன்னிரண்டு வருடமாகச் சேர்த்தது. பாதையும் இஞ்சின்களும் பெட்டிகளும் ஒரு தகர ஆலையும் மட்டும்தான் உண்டு. காடு மேடு செய்ய எனக்குப் பொறுமை கிடையாது, இஞ்சின் ஓடினால் போதும். இத்தனைக்கும் நான் அந்த ரயிலைப் படத்தில் பார்த்ததோடு சரி. கோத்தா திங்கிப் பக்கம் அப்படி ஒரு தோட்டத்தில் பிறந்து, அப்பா குலை ஏற்றுவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் என் பலகையை நின்று பார்த்ததில்லை. 'மொட்டைப் பலகை' என்பது அவள் வைத்த பெயர்.

பலகை இரண்டு துண்டு. ஆலை இருக்கும் துண்டைக் கழற்றித் தூக்கிவந்து, அவள் முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தேன். அவள் நல்ல கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்னா?"

"ரயிலு."

"ரயிலு தெரியுது லா. தோட்டம் எங்க?"

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவள் கண்ணெதிரில் மேடு செய்ய ஆரம்பித்தேன். குளிர்பெட்டி வாங்கியபோது வந்த வெள்ளை நுரை அட்டையை ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்து ஒட்டி, மேலே காகிதக் கூழ் பூசினேன். செம்மண் சாலைக்கு, ஆயர் ஈத்தாமில் வாங்கி உடைந்துபோன பூந்தொட்டியை எடுத்து, சம்பல் இடிக்கிற கல்லில் போட்டு இடித்தேன். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தக் கல்லுல சம்பல் இடிச்சா மொதல்ல நீங்கதான் சாப்பிடணும்."

மரங்களுக்கு, சாத்தே இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. அதில் சணல் கயிற்றைச் சுற்றி, உச்சியில் பச்சைக் காகிதத்தைச் சீப்புப் பல்போல வெட்டி ஒட்டினேன். முதல் மரத்தை நட்டு நிமிர்ந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

"தென்ன மரமா?" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் தரச் சோதனை அவள் கைக்குப் போனது. செம்பனையின் தண்டு இவ்வளவு வழவழப்பாக இருக்காது, வெட்டின மட்டையின் அடிக்கட்டை துருத்திக்கொண்டு நிற்கும், அதில் செடி முளைத்திருக்கும். வெட்டின மட்டைகளை வரிசைக்கு நடுவில் அடுக்கிப் போட்டிருப்பார்கள். பாதை ஓரத்தில் உதிரிப்பழம் சிந்திக் கிடக்கும். எல்லாம் அவள் சொன்னதுதான். ஒன்பது மரத்தைத் தள்ளுபடி செய்தாள். எனக்குக் கோபம் வந்தது. இருபத்தேழு வருடம் நான் இப்படித் தள்ளுபடி செய்த ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன, அதனால் வாயை மூடிக்கொண்டு பத்தாவது மரத்தைச் செய்தேன். அது பாஸானது.

மரத்தடி மண்ணுக்கு, காய்ந்த தேயிலைச் சக்கை நன்றாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். வீட்டில் சக்கைக்குப் பஞ்சமில்லை. நாள் முழுக்க அவளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேனே. வடிகட்டியதைச் செய்தித்தாளில் பரப்பி வெயிலில் காயவைத்து, பசை பூசிய மேட்டின்மேல் தூவினேன். மட்கிய தோட்டத்து மண் அப்படியே வந்துவிட்டது. அவளே "ம்ம், இது சரி" என்றாள்.

ஆறாம் நாள் காலை நான் சமையலறையில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, ரயிலு ஓட விட்டீங்களா?"

"இல்லயே."

"அப்புறம் எப்படி லா பெட்டி பெட்டியா போகுது?"

ஓடிவந்து பார்த்தேன். எறும்பு. தண்டவாளத்தின்மேலேயே வரிசை பிடித்து, ஆளுக்கொரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு ஆலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் தேநீர் என்றால் தூள், இஞ்சி, பால், சீனி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பதுதான். அப்படிக் கொதித்த சக்கையைத்தான் மண் என்று தூவியிருக்கிறேன். தரம் பார்க்கிறவனாம் நான்.

"அலமாக்! தோட்டம் முழுக்கச் சீனி போட்டு வச்சிருக்கீங்களே!" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்காத! தல ஆடக் கூடாது!" என்று நான் கத்தினேன். கத்தியதைக் கேட்டு இன்னும் சிரித்தாள். குப்புறக் கிடந்தவளின் தோள் இரண்டும் குலுங்கியதைப் பார்த்து எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இரண்டு நாள் அந்த மண்ணைச் சுரண்டி எடுத்தேன். புதுத் தூளை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்துக் காயப்போட்டேன். ஆலை வாசலில் மட்டும் சுரண்டவில்லை. சுரண்டினால் தண்டவாளம் பெயர்ந்துவிடும், மேலே இன்னொரு பூச்சு பசை போட்டால் போதும் என்று விட்டுவிட்டேன்.

"அங்கயும் எடுங்க. வரும்."

"வராது. சீல் பண்ணிட்டேன்."

"வரும்னா வரும்."

பத்தாம் நாள் அவள் தலை நிமிர்ந்தது. விழித்திரை ஒட்டியிருக்கிறது, பார்வை எவ்வளவு தேறும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் மருத்துவர். குமிழி சுருங்கச் சுருங்க, மேலிருந்து கீழாகத் தெளியும் என்றார். வீட்டுக்கு வந்து வலது கண்ணைப் பொத்திப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"வெள்ளம் மாதிரி இருக்குங்க. மேல கொஞ்சம் வெளிச்சம். அதுக்குக் கீழ எல்லாம் தண்ணி. தல ஆட்டுனா அலையும்."

கோத்தா திங்கிக்காரிக்கு வெள்ளத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடியும்போது முதலில் கூரை, அப்புறம் சன்னல், கடைசியில்தான் வாசற்படி.

பலகையின் இரண்டு துண்டையும் பூட்டிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். தினமும் காலையில் அவள் எதிரே உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்வாள். நான் நின்று கேட்பேன். முதல் சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள், "செம்பனை தல தெரியுது" என்றாள். அடுத்த நாள், "ஆலைக் கூர தெரியுது." உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள்:

"தண்ணி நல்லா வடிஞ்சிருச்சு. சிவப்பு இஞ்சின் ஆலை வாசல்ல நிக்குது."

என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. சக்கரம் துடைப்பதற்காகக் காலையிலேயே எடுத்த சிவப்பு இஞ்சின் பைக்குள் இருந்தது.

அத்தனை நாள் முகத்துக்கு நேர் கீழே வைத்துப் பார்த்த பலகை. ஒவ்வொரு மரமும் அவள் சொல்லி நட்டது. கண்ணே இல்லாவிட்டாலும் எது எங்கே என்று அவளால் சொல்ல முடியும். நான் இஞ்சினை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கத்திவிட்டுப் போயிருப்பேன்.

"தெனமும் காலைல அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முன்னால நிக்கிறீங்க," என்றாள். "தெரியலன்னு சொல்ல மனசு வரலங்க."

"கூரை?"

"அதுவும் இல்ல. மரத்து தல மட்டும் நெசம். அதுவும் கலங்கித்தான்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி கேட்க மாட்டேன் என்றேன். தெரிந்தால் தெரிகிறது, இல்லாவிட்டால் நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, "தேத்தண்ணி போடவா?" என்று கேட்டேன்.

அதன்பிறகு நிஜமாகவே கேட்கவில்லை. காலையில் பலகைக்கு எதிரே உட்காருவது மட்டும் பழக்கமாகிவிட்டது. அவள் பேசாமல் பார்ப்பாள், நான் மட்டையையோ உதிரிப்பழத்தையோ ஒட்டிக்கொண்டிருப்பேன். இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் மழை விட்டு வெயில் அடித்த காலை. நான் ஒரு மரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

"ம்."

"நான் அப்பவே சொன்னேன், அங்கயும் சுரண்டுங்கன்னு."

"எங்க?"

"ஆலை வாசல்ல. எறும்பு."

குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. அதை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். தண்டவாளத்தின்மேல் ஒரே ஒரு எறும்பு, வாயில் தேயிலைத் துணுக்கோடு, ஆலை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதை நான் வைக்கவில்லை. அவளும் வைக்கச் சொல்லவில்லை. அது இன்றைக்கு அங்கே இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே முன்கூட்டித் தெரியாது.

மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் உள்ளங்கை வலது கண்ணை முழுசாக மூடியிருந்தது.

"இப்ப எங்க போகுது?" என்று கேட்டேன்.

"திரும்பிருச்சு. உங்க கை பக்கம் வருது. ஐயோ, அதுக்கு எதுக்குங்க அழுறீங்க? ஒரு எறும்புதான, ஊதி விடுங்க லா."

நான் ஊதவில்லை. அது என் விரலில் ஏறி, கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் தண்டவாளத்தில் இறங்கியது. அவள் இடது கண் அதன் கூடவே போனது.