வெட்டினால் முளைக்கும் கை

நண்பன் ரபீக்குக்கு இரவல் கொடுத்திருந்த ஜப்பானிய ரத்தக்காட்டேரி காமிக்ஸ், நாலு பாகமும், இன்று கோரிப்பாளையத்தில் வைத்துத் திரும்பக் கிடைத்தது.

சண்டைகளை வரைந்திருக்கும் வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் வெட்டிய கை அடுத்த பக்கத்திலேயே முளைத்துவிடுகிறது. அப்புறம் யாருக்காகப் பயப்படுவது?

அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

"எனக்கும் அதான் மாப்ள கடுப்பு. ஆனா எங்கண்ணே அந்தப் பக்கத்தத்தான் திரும்பத் திரும்பப் பாக்குறாரு."

அவன் அண்ணனுக்குப் போன வருஷம் பைக் விபத்தில் ஒரு கால் போய்விட்டது.

"வருத்தப்படுறாரா?"

"இல்லடா, சிரிக்கிறாரு. அடுத்த பாகம் எங்கன்னு கேக்குறாரு."

பஸ்ஸில் வரும்போது அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். கதைக்கு அது பலவீனம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவரிடம் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் பாகம் யாரிடமாவது இருக்கிறதா? எனக்கில்லை, அவருக்கு.