ஒரு சொல்லும் வெளியில் போகாத ஹெட்செற்

கேதீஸ்வரிக்குத் தேங்காய் விற்றுவிட்டுச் சிரித்த முகத்தோடு இருந்த கடைக்காரர் வல்வெட்டித்துறையில் ஒருவரும் இல்லை. தட்டிப் பார்ப்பாள், குலுக்கிப் பார்ப்பாள், கண்ணைத் தோண்டிப் பார்ப்பாள், கடைசியில் கடைக்காரர் தனக்கென்று ஒதுக்கி வைத்ததை எடுத்துக்கொண்டு வருவாள். காஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். பால் போத்தலை வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான் பால்காரரின் முகத்தைப் பார்ப்பாள்.

"என்னையும் உப்பிடித்தான் பாத்து எடுத்தவள்," என்பார் புருசன் சீவரத்தினம். "எண்டாலும் ஏமாந்து போனாள்."

சீவரத்தினம் கடலுக்குப் போகிறவர். இரவில் போனால் காலையில் வெயில் ஏறித்தான் கரைக்கு வருவார். ஒரே மகள் நிவேதனா வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுகளில் வந்து போகிறாள். ஆகவே கிழமை நாட்களில் விடியும் வேளையில் வீட்டில் கேதீஸ்வரி தனி. மதிலுக்கு அந்தப் பக்கம் சீவரத்தினத்தின் தமக்கை இராசமலர். அவளும் தனி. புருசன் செத்துப் பல வருசமாகிறது. இரண்டு ஆடும் ஒரு றேடியோவுமாக இருக்கிறாள்.

அந்த மதில்தான் கேதீஸ்வரியின் தீராத வருத்தம்.

மூன்று வருசத்துக்கு முன் நிவேதனாவுக்குப் பருத்தித்துறையில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். சாதகம் பொருந்தி, பெண் பார்க்க நாளும் குறித்தாயிற்று. அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கோல் போயிற்று. முந்திய காலத்தில் என்றால் மொட்டைக் கடிதம் போடுவார்கள். இப்போது நம்பர் தெரியாமல் போன் எடுக்கிறார்கள். பெட்டைக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு இருக்கிறது, மறைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் கோல். மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு வரவில்லை. நிவேதனாவுக்கு மாரியில் மூச்சிரைத்து இழுப்பு வருவது உண்மை. ஆனால் அதை வெளியில் சொன்னது யார்? கோலுக்கு முதல்நாள் கேதீஸ்வரி மண்டபத்து யன்னல் ஓரம் இருந்து அதைப் பற்றித்தான் போனில் கதைத்தாள். யன்னலுக்கு நேரே மதில். மதிலுக்கு அங்கால் மச்சாள். இதற்கு மேல் யோசிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது இரண்டாவது சம்பந்தம் வந்திருக்கிறது. பூர்வீகம் இதே ஊர், வீடு கொக்குவிலில், பெடியன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில். பெடியனுடைய சித்தியும் கேதீஸ்வரியின் தம்பி சுபாஸ்கரனும் ரொறன்ரோவில் ஒரே இடத்தில் வேலை செய்ததில் பிறந்த கதை. நிவேதனாவுக்கு இருபத்தொன்பது நடக்கிறது. இதுவும் குழம்பினால் பிறகு ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். ஆகவே முற்றாகும்வரை ஒரு காகத்துக்கும் தெரியக்கூடாது. மகளுக்குக்கூட இப்போது வேண்டாம்.

சுபாஸ்கரன் வேலை முடிந்து வீடு வரும் நேரம் இங்கே விடியும். அப்போதுதான் வைபரில் எடுப்பான். கேதீஸ்வரியின் போன் பழையது. வைபரில் கொஞ்சம் கதைத்தாலே சார்ஜ் இறங்கிவிடும். சார்ஜரைக் குத்துகிற இடமோ அந்தக் கெடுவான் யன்னலின் கீழ். போதாக்குறைக்குச் சுபாஸ்கரனின் குரல் போனைக் காதோடு அழுத்தினாலும் வெளியே கேட்கும். நன்றாக யோசித்து அவள் முடிவெடுத்தாள்: தம்பியின் குரல் காதுக்குள்ளேயே நிற்க ஒரு ஹெட்செற், யன்னலைவிட்டுத் தள்ளிக் கிணற்றடியில் நின்று கதைக்க ஒரு பவர் பாங்க்.

ஊர்க்கடையில் வாங்கினால் எதற்கென்று கேட்பார்கள். நெல்லியடிக்கு பஸ் ஏறினாள்.

றஞ்சித்தின் போன் கடையில் முதலில் பவர் பாங்க். அவன் ஐந்தாறை மேசையில் பரப்பினான். அதில் கொள்ளளவு ஐம்பதாயிரம் என்று போட்ட மெலிந்த ஒன்றைக் கண்டதும் கேதீஸ்வரி ஒரு விரலால் அதைத் தள்ளிவிட்டாள். சீவரத்தினம் முன்பு கோயில் திருவிழாவில், நடைபாதைக் கடையில் அப்படி ஒன்றை வாங்கி வந்தவர். இரண்டாம் நாளே செத்துப்போக, உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே சுண்டுவிரல் அளவு பற்றரியும், பாரத்துக்கு ஒரு சின்னப் பொலித்தீன் பையில் மணலும் இருந்தன.

"மணல் வாங்க நான் நெல்லியடிக்கு வரத் தேவையில்லை தம்பி. எங்கடை வாசல்லையே கிடக்கு."

றஞ்சித் கோபிக்கவில்லை. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பத்தாயிரம் என்று போட்ட ஒன்றைக் காட்டினான். பெட்டியில் போட்டிருக்கிற கணக்கு முழுக்கப் போனுக்கு வந்து சேராது, பாதிக்குச் சற்று மேலேதான் வரும், எந்தக் கடையில் எடுத்தாலும் அதுதான் நடப்பு என்றான். அவளுடைய போனை ஒன்றரைத் தரம் நிரப்பும், அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம் என்றான். தன் சாமானைத் தானே குறைத்துச் சொல்லும் கடைக்காரனைக் கேதீஸ்வரி அதுவரை கண்டதில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடிற்று. வாய்ப்பேச்சு வேண்டாம், ஏற்றிக் காட்டு என்று போனைக் கொடுத்துவிட்டு ஸ்ரூலில் உட்கார்ந்தாள். சிவப்பில் கிடந்த போன் பாதிக்குமேல் ஏறும்வரை எழும்பவில்லை. இடையில் பவர் பாங்க்கைத் தொட்டுச் சூடு பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

அடுத்தது ஹெட்செற். வயர் இல்லாததை, புளூரூத்தை, அவன் காட்டினான். இப்போது எல்லோரும் அதுதான் எடுக்கிறார்கள், விலையும் இறங்கிவிட்டது.

"வயர் இல்லாட்டி கதை எதாலை வரும்?"

"காத்தாலை அக்கா."

கேதீஸ்வரிக்கு அவ்வளவும் போதும். சீவரத்தினத்தின் வள்ளத்தில் ஒரு வயர்லெஸ் செற் இருக்கிறது. அதில் ஒருவர் வாய் திறந்தால் கடலில் நிற்கிற அத்தனை வள்ளமும் கேட்கும். நல்ல மீன்பாடு கண்ட இடத்தை ஒருநாள் மைத்துனனுக்கு அதில் சொல்லப்போய், அவன் வருவதற்கு முன் பாதி ஊர் அங்கே வலை போட்டுவிட்டது. காற்றில் போகிற கதை யாருக்கும் சொந்தமில்லை. புளூரூத் ஒரு போனோடு மட்டும்தான் சேரும், மற்றவருக்குக் கேட்காது என்று றஞ்சித் விளங்கப்படுத்தினான்.

"செற் வித்தவனும் அப்பிடித்தான் சொன்னவன்," என்றாள். "எனக்கு வயரிலை தா. வெளியிலை ஒரு சொல்லும் கேக்கப்படாது."

காதுக்குள் செருகுகிற மலிவான வயர்கள் கொத்தாகத் தொங்கின. கழன்று விழும், கதை சிந்தும் என்று அவற்றை விட்டாள். கடைசியில், காதை முழுதாக மூடுகிற, மெத்தை வைத்த பெரிய ஹெட்செற் ஒன்றை, நடுத்தர விலையில், அவன் இறக்கினான். அவள் அதை அவனுடைய தலையிலேயே மாட்டி, பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டச் சொல்லி, தன் காதை அவன் காதோரம் கொண்டுபோய் வைத்துக் கேட்டாள். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுச் சத்தமும் வெளியே வரவில்லை. கேதீஸ்வரி அந்தக் கடையில் முதன்முறையாகச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் விடியக்காலையில் கிணற்றடி. பவர் பாங்க் இடுப்புச் செருகலில், ஹெட்செற் தலையில். உலகமே அடங்கி, சுபாஸ்கரனின் குரல் மட்டும் மூளைக்குள் கேட்டது. முன்பு யன்னலடியில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்று கதைத்தவள், இப்போது கிணற்றடி, முருங்கையடி, பின்வளவு, முன்கேற்றடி என்று நடந்து நடந்து கதைத்தாள். பெடியனின் சம்பளம், தாய்க்காரியின் குணம், கொக்குவில் வீட்டுக்குப் பாதை இருக்கிறதா, எல்லாம் அலசப்பட்டன. இழுப்புக் கதையைக் கலியாண எழுத்து முடியும்வரை வெளியில் விடாதே என்று தம்பியிடம் பலமுறை சொன்னாள். மச்சாளைப் பற்றியும் சொன்னாள். அவளுக்கு நாக்கில் நஞ்சு, முந்திய கலியாணத்தைக் குழப்பினவளே அவள்தான் என்று.

ஒருநாள் கதைத்து முடித்து ஹெட்செற்றைக் கழற்றினால், இராசமலர் வீட்டு றேடியோ பக்திப் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான். தன்னைச் சீண்டத்தான் போடுகிறாள் என்று கேதீஸ்வரி எடுத்துக்கொண்டாள். பக்தி திடீரென்று கூடுகிற வயதல்ல அது.

பிறகு கோயிலடியில், அதே ஒழுங்கையில் குடியிருக்கும் பூரணம் அவளுடைய கையைப் பிடித்தாள். கொக்குவில் பக்கம் இப்போது நல்ல காற்றாமே என்றாள்.  யாருக்கும் தெரியாத கதை பூரணத்தின் வாய்க்கு எப்படி வந்தது? ஹெட்செற்றைச் சந்தேகித்தாள். அதைத் தேங்காய் மாதிரித் தட்டிப் பார்த்தாள். வயரை விரலால் உருவிப் பார்த்தாள். றஞ்சித்தையும் கொஞ்சம் சந்தேகித்தாள். எந்தப் பக்கத்தால் போனாலும் சந்தேகம் கடைசியில் மதிலுக்கு அங்காலேயே வந்து நின்றது.

பிடிக்க ஒரு வழி செய்தாள். மறுநாள் காலை, பெடியனுக்கு மன்னாருக்கு வேலை மாற்றமாம் என்று இல்லாத ஒன்றைத் தம்பிக்குச் சொன்னாள். ஆர் சொன்னது, எப்ப சொன்னது என்று சுபாஸ்கரன் பதறினான். பிறகு சொல்லுறன் என்று வெட்டிவிட்டாள். அன்று பின்னேரமே பூரணம் கேற்றடிக்கு வந்துவிட்டாள்.

"மன்னார்ப் புழுதி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமே?" என்று கேட்டாள், மெத்த அக்கறையாக.

மன்னாரும் தெரிந்திருக்கிறது, இழுப்பும் தெரிந்திருக்கிறது. கேதீஸ்வரி அவளைக் கேற்றடியிலேயே விட்டாள். செருப்பையும் போடாமல் இராசமலரின் முற்றத்துக்குப் போனாள். இராசமலர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மதிலோடை காதை வைச்சு ஒட்டிக் கேட்டு, ஊருக்குப் பறை தட்டுறியளோ மச்சாள்? என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள்?"

இராசமலர் குழையைக் கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஒட்டிக் கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? நீ காதைப் பொத்திக்கொண்டு கடலுக்கை நிக்கிறவனைக் கூப்பிடுற மாதிரியெல்லோ கத்துறாய். அதுவும் நாலு மதிலுக்கும் நடந்து நடந்து."

"நான் கத்தேல்லை. மெல்லமாத்தான் கதைச்சனான்."

"உனக்கு மெல்லம். நான் றேடியோவைக் கூட்டிப் பாத்தன். நீ அதுக்கு மேலாலை ஏறினாய். இதுக்கு மேலை கூட்ட றேடியோவிலை இடமில்லை."

கேதீஸ்வரி நம்பவில்லை. நம்புவது அவள் வழக்கமும் இல்லை. ஆகவே இராசமலர் தன் போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்று அந்தச் சாமானை மாட்டிப் பாட்டு ஒன்றைக் கேட்டபடி ஏதாவது கதைத்துவிட்டு வா என்று அனுப்பினாள். கேதீஸ்வரி போனாள். பாட்டு காதை நிறைக்க, வேணுமென்றே மெல்லமாக, இன்றைக்குக் கறி என்ன, நாளைக்கு என்ன என்று கதைத்தாள். திரும்பி வந்தபோது இராசமலர் போனை நீட்டினாள். அதில் ஒரு பெண் சூடை மீன் குழம்பைப் பற்றி ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தாள். முதலில் அது யாரென்று கேதீஸ்வரிக்குத் தெரியவில்லை.

குரலை முழுக்கக் கேட்டாள். பிறகு ஆட்டுக்கொட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னைப் பற்றிச் சொன்னதையும் கேட்டனான்," என்றாள் இராசமலர். "நஞ்சு எண்டதை. அதுக்குப் பிறகும்தான் றேடியோவைக் கூட்டினனான். என்ரை தம்பியின்ரை பிள்ளையெல்லோ."

 கேதீஸ்வரி பருத்தித்துறைக் கோலைப் பற்றி மட்டும் கேட்டாள். தான் எடுக்கவில்லை என்றாள் இராசமலர். கேதீஸ்வரி அதில் பாதியை நம்பினாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தொகை.

ஆனால் இப்போதைய கேடு அதுவல்ல. இழுப்புக் கதை ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. கொக்குவிலுக்கு எந்த நேரமும் ஒரு கோல் போகலாம். போனால் பருத்தித்துறை மாதிரியேதான் முடியும். ஊரின் வாயை மூட எந்தக் கடையிலும் ஒன்றும் விற்பதில்லை. மறைக்க ஒன்றும் இல்லாமல் போனால், காட்டிக்கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. இது அவளுக்குத் தைரியத்தில் தோன்றவில்லை. வேறு வழி தெரியாமல்தான் தோன்றிற்று.

அந்த முற்றத்திலேயே நின்று, ஹெட்செற் இல்லாமல், பெடியனின் தாய் மீனாம்பிகைக்கு எடுத்தாள். சத்தம் வெளியே கேட்கிறதா என்று பார்க்கவில்லை. சுகம் விசாரிப்பதை அரைகுறையாக முடித்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, பிள்ளைக்கு மாரியிலை இழுப்பு வாறது. மூச்சு இழுக்கிற பம் வைச்சிருக்கிறாள். வேலைக்கு ஒழுங்காப் போறாள், ஒண்டுக்கும் குறையில்லை. எண்டாலும் நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழை."

 லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள் மீனாம்பிகை. குரல் வெளியே இராசமலருக்கும் கேட்டது. "நேற்று ஒரு கோல் வந்தது. பேர் சொல்லேல்லை. நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நாளைக்கும் பாத்திருப்பன். அதுக்குப் பிறகு சம்பந்தத்தை விட்டிருப்பன்."

பிறகு அவள் எந்த டொக்டர், என்ன மருந்து, கடைசியாக எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேதீஸ்வரி ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். முடிவில் மீனாம்பிகை, ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம், அதற்குமுன் உங்கள் பிள்ளையிடம் விருப்பத்தைக் கேட்டு வையுங்கள் என்றாள். சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. வருகிறோம் என்றாள்.

கேதீஸ்வரி போனை நிறுத்தினாள்.  நேற்று ஒரு கோல். பேர் சொல்லவில்லை. அவள் ஒழுங்கைப் பக்கம் பார்த்தாள், பூரணத்தின் கேற்றைப் பார்த்தாள், அதற்கடுத்த கேற்றையும் பார்த்தாள். பிறகு தலை தானாகத் திரும்பி இராசமலரிடம் வந்து நின்றது.

"என்னைப் பாராதை," என்றாள் இராசமலர்.

கேதீஸ்வரி பார்வையை எடுத்தாள். உடனே எடுக்கவில்லை.