நாலு மூலைத் தட்டல்

எங்கள் தெருவில் என் பேச்சை நம்பாதவர்கள் உண்டு. நியாயம்தான், பாதித் தெருவின் கதையைப் பரப்பியவள் நான். ஆனால் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்குப் பக்கத்து வீடு ரங்கம்மாள். ஒரே மகள் மேக்னா. பம்பு செய்கிற உலோகத்தில் உள்விரிசல் எப்படி விழுகிறது என்று ஆராய்ச்சி. அதற்காக இந்தூர் போவாள். அங்கே சிங்க்ரோட்ரான் என்று ஒரு பெரிய வளைய எந்திரமாம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை விடப் பல லட்சம் மடங்கு பிரகாசமான கதிராம்.

"எம்பட வயித்துல இருக்கற ரகசியமெல்லாம் தெரிஞ்சுபோடுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"அதுக்கு எந்திரம் எதுக்குங்க அத்தை. நீங்களே சொல்லிப்போடுவீங்களே."

கதிரைத் திறக்கும் முன், ஈயச்சுவர் அறைக்குள் மூலை மூலையாகப் போய்ப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட வேண்டுமாம். பதில் வராவிட்டால்தான் கதவைச் சாத்தலாம். குரல் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கிளம்பும்போதெல்லாம் கூடத்தின் நாலு மூலையையும் தட்டிக் கூப்பிடுவாள். சமையலறையிலிருந்து ரங்கம்மாள் வேண்டுமென்றே, "இருக்கறேன் கண்ணு" என்பாள். மறுபடி தட்டல். ஒரே சிரிப்பு.

ஆடியில் காய்ச்சல். மூன்றே நாள். மேக்னா போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள், சாயங்காலம் ஆறேகால். மதில் ஓரம் நின்றிருந்தேன். சும்மாதான்.

டொக்... டொக்... டொக்... டொக்...

பிறகு ரங்கம்மாள்: "இருக்கறேன் கண்ணு."

தினமும் இதுவே. புத்தி பேதலித்துவிட்டது, தானே தட்டித் தானே பேசுகிறாள் என்று தெருவுக்கே சொன்னேன். ஒருநாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். ரங்கம்மாள் நாற்காலியில் இருந்தாள். இரண்டு கையும் மடியில். நாலு மூலையிலும் தட்டல் கேட்டது.

"பயப்படாதீங்க அம்மணி. நான் பதில் சொன்னா அவ கதவைச் சாத்த முடியாது. நாளைக்கும் வந்துதானே ஆகோணும்."

அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, ரங்கம்மாளுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சாவியை என் கையில் திணித்தாள்.

"ஆறேகாலுக்குப் பதில் மட்டும் சொல்லிப்போடுங்க. இல்லாட்டிப் போயிருவா."

போனேன். வாசல் கதவைத் திறந்தே வைத்தேன். ஆறேகால்.

டொக்...

கூடவே இன்னொன்று. டொக்...

நாலு மூலை. எட்டுத் தட்டல்.

கடைசி, என் காதருகே.

கதவு அசைந்தது...

"இருக்கறேன் கண்ணு."

நான் சொன்னதும் கதவு நின்றது.

ஏழு மணிக்கு ரங்கம்மாளின் தங்கை மகன் ஹர்ஷா போன் செய்தான். "பெரியம்மா நாலு மணிக்கே போயிட்டாங்க அத்தை."

நாலு மணிக்கே. அப்படியானால் சேர்ந்து கிளம்பியவர்களை நான்தான் மறித்திருக்கிறேன்.

உடலைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலி வீட்டில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டுத் தட்டல்.

நான் வாயைத் திறக்கவில்லை.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளியே பூட்டுகிற சத்தம்... பின்கட்டு வழியாகச் சுற்றி ஓடிவந்து பார்த்தேன். பூட்டுத் தொங்கியது. சாவி என் இடுப்பில்.

இப்போதும் ஆறேகாலுக்கு மதில் ஓரம் நிற்கிறேன்.

ஒன்றுமே கேட்பதில்லை.